நேரம் தப்பி வரும் தூக்கம்

ஏடிஎச்டி உள்ள பிள்ளைகள் இரவில் ஏன் விழித்திருக்கிறார்கள்?

ரப்பர் மரத்தை ஏன் விடிவதற்கு முன்பே வெட்டுகிறார்கள் தெரியுமா, மாணவர்களே? வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் என்றால், இருட்டில் நடந்த பெரட்டைப் பற்றியும் தலையில் கட்டிக்கொண்ட விளக்கைப் பற்றியும் நிறையச் சொல்வார்கள். காரணம் எளிமையானது. இரவில் இலைகள் வழியே நீர் அதிகம் ஆவியாவதில்லை. அதனால் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் அழுத்தம் விடியற்காலையில்தான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறையும், பாலும் குறையும். மரத்தின் நேரத்துக்கு மனிதன் எழுந்தான்.

மரத்திற்கு மட்டுமா நேரம் உண்டு? நமக்கும் உண்டு. எப்போது பசிக்க வேண்டும், எப்போது உடல் சூடு குறைய வேண்டும், எப்போது கண் சொக்க வேண்டும் என்பதையெல்லாம் மூளைக்குள் இருக்கும் ஒரு கடிகாரம் தீர்மானிக்கிறது. பெரும்பாலோருக்கு அது ஊரோடு ஒத்து ஓடுகிறது. சிலருக்கு மட்டும் சற்றுப் பிந்தி ஓடுகிறது. அப்படிப் பிந்தி ஓடும் பிள்ளைகளில் ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு உள்ளவர்கள் அதிகம்.

இன்று செனாவாங் பழைய தோட்டப்புறமாக இல்லை. தொழிற்பேட்டை, அடுக்குமாடி வீடுகள், தாமான்கள், நெடுஞ்சாலை என்று மாறிவிட்டது. ஆனால் விடியுமுன் எழும் பழக்கம் மட்டும் மாறவில்லை. காலை வேலைக்குப் போகும் பெற்றோரும், 7.30 மணியளவில் தொடங்கும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் இருட்டிலேயே எழுகிறார்கள். இரவு 11 மணி வரை தூக்கம் வராத பத்து வயதுப் பிள்ளை காலை 5.30 மணிக்கு எழுந்தால், அதற்குக் கிடைப்பது ஆறரை மணி நேரத் தூக்கம். அந்த வயதுக்குத் தேவையோ 9 முதல் 12 மணி நேரம். இந்தக் கணக்கு ஒரு நாள் இடித்தால் பரவாயில்லை. வாரத்தில் ஐந்து நாளும் இடித்தால் என்ன ஆகும்?

ஏடிஎச்டி என்றால் என்ன?

"சொன்ன பேச்சு கேட்பதில்லை", "ஓர் இடத்தில் உட்காராது", "நேற்றுச் சொன்னதை இன்று மறந்துவிடும்", "சரியான வால்". இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையில் இருப்பது ஏடிஎச்டி. கவனத்தை ஒன்றில் நிறுத்துவது, உடலை அடக்கி வைப்பது, யோசித்துவிட்டுச் செய்வது ஆகிய மூன்றும் அவர்களுக்குக் கடினம். சிலருக்குக் கவனக்குறைவு மட்டும் இருக்கும், துள்ளல் இருக்காது. அமைதியாக உட்கார்ந்து கனவு காணும் மாணவிகள் பலரை யாருமே கவனிக்காமல் போவது இதனால்தான்.

இது புதிய நோயல்ல. 1902ஆம் ஆண்டிலேயே லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், அறிவு நன்றாக இருந்தும் நடத்தையைக் கட்டுப்படுத்த முடியாத குழந்தைகளைப் பற்றி விரிவுரை ஆற்றினார். உலகக் குழந்தைகளில் ஏறத்தாழ 100க்கு 5 பேருக்கு இது இருப்பதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. இதில் மரபணுவின் பங்கு மிகப் பெரியது. டோபமைன், நோரட்ரீனலின் ஆகிய வேதிப்பொருள்கள் மூளையில் செயல்படும் விதம் சற்று வேறுபடுவதும் காரணம். அம்மாவின் வளர்ப்புக் குறையோ பிள்ளையின் திமிரோ காரணமல்ல.

மருத்துவர்கள் இதை எளிதில் முடிவு செய்வதில்லை. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும். வீட்டில் மட்டும், அல்லது பள்ளியில் மட்டும் என்றில்லாமல் இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். ஆகவே, "எனக்கும் கணிதப் பாடத்தில் கவனம் சிதறுகிறதே, எனக்கும் ஏடிஎச்டி" என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

நான்கில் மூன்று பேர்

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகர ஆய்வாளர்கள், ஏடிஎச்டி உள்ள 239 பிள்ளைகளின் தூக்கத்தைப் பற்றி அவர்களின் பெற்றோரிடம் கேட்டு 2008ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய நான்கில் மூன்று பிள்ளைகளுக்குத் தூக்கச் சிக்கல் இருந்தது. அவர்களிலும் பெரும்பாலோருக்கு அது லேசான சிக்கல் அல்ல. படுக்கைக்குப் போக மறுப்பது, படுத்தும் நெடுநேரம் தூங்காதது, நடு இரவில் விழிப்பது, காலையில் எழுப்ப முடியாமல் போவது என்று அது பல வடிவங்களில் வந்தது.

இப்போது ஒரு கேள்வி எழும். பகலெல்லாம் ஓடியாடும் பிள்ளை இரவில் அடித்துப் போட்டதுபோல் தூங்க வேண்டுமல்லவா? அப்படித்தான் நமக்குத் தோன்றும். ஆனால் தூக்கம் களைப்பினால் மட்டும் வருவதில்லை.

தூக்கத்தின் இரண்டு கயிறுகள்

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்பேலி என்ற ஆய்வாளர் 1982ஆம் ஆண்டு ஒரு விளக்கம் தந்தார். நம்மைத் தூக்கத்திற்குள் இழுப்பவை இரண்டு கயிறுகள் என்று அதை எளிமையாகச் சொல்லலாம். முதல் கயிறு, விழித்திருந்த நேரம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் தூக்க அழுத்தம் சேர்கிறது. அடினோசின் என்ற பொருள் அதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. காப்பி குடித்தால் தூக்கம் கலைவதற்குக் காரணம், அதிலுள்ள காஃபீன் அடினோசின் வேலை செய்யும் இடத்தை அடைத்துக்கொள்வதுதான்.

இரண்டாவது கயிறு, உடல் கடிகாரம். கண் நரம்புகள் மூளையின் அடியில் ஒன்றையொன்று கடக்கும் இடத்திற்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. அதுதான் தலைமைக் கடிகாரம். இருட்டத் தொடங்கியதும் அது பீனியல் சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. சுரப்பி மெலடோனின் என்ற இயக்குநீரை வெளியிடுகிறது. மெலடோனின் சுரந்து ஓரிரு மணி நேரத்தில் தூக்கம் வரும். இந்தக் கடிகாரத்தைச் செல்லுக்குள் இயக்கும் மரபணுக்களைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்தத் துறையில் தமிழ்நாட்டிற்கும் ஒரு பெயர் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன், வெளிச்சம் புகாத குகையில் வாழும் வௌவால்கள் எப்படி மாலையைத் தெரிந்துகொண்டு வெளியே வருகின்றன என்று ஆராய்ந்தார். நேரமே தெரியாதபடி மனிதர்களைத் தங்கவைத்து ஆராயும் தனி அறையையும் அவருடைய குழுவினர் அங்கே பயன்படுத்தினார்கள். வெளியுலகக் குறிப்பு எதுவும் இல்லாவிட்டாலும் மனிதனின் உடல் கடிகாரம் நிற்பதில்லை. ஆனால் சரியாக 24 மணி நேரத்தில் சுற்றுவதும் இல்லை. அமெரிக்காவின் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 1999ஆம் ஆண்டு கணக்கிட்ட சராசரி 24 மணி 11 நிமிடம். அதாவது, சரிசெய்யாமல் விட்டால் ஒவ்வொரு நாளும் நாம் சற்றுப் பிந்துவோம். நம்மை நாள்தோறும் இழுத்துப் பிடித்துச் சரியான நேரத்தில் நிறுத்துவது காலை வெளிச்சம்.

முக்கால் மணி நேரப் பிந்தல்

ஏடிஎச்டி பிள்ளைகளுக்கு எங்கே இடறுகிறது? நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குப் பதில் தந்தது. ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளில், படுத்தும் தூக்கம் வராதவர்களையும் எளிதில் தூங்குபவர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். மாலையில் எச்சிலை எடுத்து அதில் மெலடோனின் எப்போது கூடுகிறது என்று பார்த்தார்கள். தூக்கம் வராத பிள்ளைகளுக்கு மெலடோனின் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் பிந்தியே சுரக்கத் தொடங்கியது.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். "ஒன்பதரை ஆச்சு, போய்ப் படு" என்று அம்மா சொல்லும்போது, அந்தப் பிள்ளையின் மூளையில் மணி இன்னும் ஒன்பதைக்கூடத் தொடவில்லை. தூங்க மறுக்கவில்லை, தூக்கம் இன்னும் புறப்படவே இல்லை.

வேறு காரணங்களும் உண்டு. பகலில் ஏதாவது ஒன்று மனத்தைப் பிடித்து வைத்திருக்கும். விளக்கை அணைத்ததும் பிடிப்பு விட்டுவிடும். எண்ணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். ஏடிஎச்டிக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் போன்ற ஊக்க மருந்துகள் சிலருக்குத் தூக்கத்தைத் தள்ளிப் போடும். மருந்து கொடுக்கும் நேரத்தையோ அளவையோ மருத்துவர் மாற்றினால் பலருக்கு இது சரியாகும். கவலையும் மனச்சோர்வும் சேர்ந்திருக்கலாம். இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தூண்டும் ஒருவகைத் தவிப்பும் சிலருக்கு இருக்கும். இரும்புச்சத்துக் குறைவுக்கு அதில் பங்கு உண்டு. தொண்டைச் சதையும் மூக்கடிச் சதையும் வீங்கியிருந்தால் பிள்ளை குறட்டை விடும். இடையிடையே மூச்சு அடைபடும். இப்படிப்பட்ட பிள்ளை எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் நன்றாகத் தூங்கியதாகாது.

தூக்கம் கெட்டால் துள்ளல் கூடும்

பெரியவர்களுக்குத் தூக்கம் குறைந்தால் கண் செருகும். சிறு பிள்ளைகளுக்கோ பல நேரங்களில் துடுக்கும் எரிச்சலும் கூடும், கவனம் சிதறும். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 7 முதல் 11 வயதுக்குட்பட்ட, எந்தக் குறைபாடும் இல்லாத 34 பிள்ளைகளை ஆய்வாளர்கள் இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் வழக்கத்தைவிடச் சராசரியாக 27 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். இன்னொரு பிரிவினர் 54 நிமிடம் குறைவாகத் தூங்கினார்கள். யார் எந்தப் பிரிவு என்பது வகுப்பாசிரியர்களுக்குத் தெரியாது. ஒரே வாரத்தில், கூடுதலாகத் தூங்கியவர்களின் உணர்ச்சிக் கட்டுப்பாடும் நடத்தையும் மேம்பட்டதாகவும், குறைவாகத் தூங்கியவர்களின் நிலை மோசமானதாகவும் ஆசிரியர்கள் மதிப்பெண் போட்டார்கள். இது 2012ஆம் ஆண்டு வெளியான ஆய்வு.

அரை மணி நேரத் தூக்கம் எந்தக் குறைபாடும் இல்லாத பிள்ளையையே மாற்றும் என்றால், ஏற்கெனவே கவனத்தோடு போராடும் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஏடிஎச்டி தூக்கத்தைக் கெடுக்கிறது. கெட்ட தூக்கம் ஏடிஎச்டி அறிகுறிகளை அதிகமாக்குகிறது. இந்தச் சுழல் எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிப்பதே மருத்துவருக்கும் சவால். தூக்கக் குறைவால் மட்டும் துள்ளும் பிள்ளைக்கு ஏடிஎச்டி என்று பெயர் வைத்துவிடக் கூடாது. ஏடிஎச்டி உள்ள பிள்ளையை "ராத்திரியெல்லாம் ஃபோன் பார்த்திருப்பான்" என்று ஒதுக்கிவிடவும் கூடாது.

நம் கடிகாரமும் சூரியனும்

மலேசியத் தீபகற்பத்தில் வாழும் நமக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1982ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி, தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளப்பட்டது. சபா, சரவாக்கோடு ஒரே நேரத்தில் நாடு இயங்க வேண்டும் என்பதே நோக்கம். அதிலிருந்து நம் நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 8 மணி கூடுதல்.

இப்போது புவியியல் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. 8 மணி நேரத்திற்கு 120 பாகை. ஆனால் சிரம்பானும் செனாவாங்கும் இருப்பது ஏறத்தாழ 102 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில். 102ஐ 15ஆல் வகுத்தால் 6.8, அதாவது 6 மணி 48 நிமிடம். ஆகவே நம் சுவர்க் கடிகாரம் சூரியனைவிட 1 மணி 12 நிமிடம் முந்தி ஓடுகிறது! சுவர்க் கடிகாரம் காலை 5.30 காட்டும்போது, சூரியக் கணக்கில் மணி 4.18தான்.

இதனால்தான் நம் ஊரில் சூரியன் ஏறத்தாழ 7 மணியிலிருந்து 7.30 மணிக்குள் உதிக்கிறது. மாலை ஏறத்தாழ 7 மணியிலிருந்து 7.30 மணிக்குள் மறைகிறது. காலை வெளிச்சம் பிந்தி வருகிறது. மாலை வெளிச்சம் நீள்கிறது. அமெரிக்காவில் நேர மண்டல எல்லையையொட்டி, சூரியன் பிந்தி மறையும் பக்கத்தில் வாழ்பவர்கள் சராசரியாக 19 நிமிடம் குறைவாகத் தூங்குவதாக 2019ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. ஏனென்றால் சூரியன் பிந்தினாலும் பள்ளி மணியும் தொழிற்சாலைச் சங்கும் பிந்துவதில்லை. பூப்பெய்தும் பருவத்தில் உடல் கடிகாரம் இயல்பாகவே பின்னுக்குப் போகிறது. சிலருக்கு இரண்டு மணி நேரம் வரைகூடப் பிந்தும். அதனால் இடைநிலைப்பள்ளி மாணவரான உங்களுக்கும் இது பொருந்தும். ஏடிஎச்டி உள்ள படிவம் 2 மாணவர் ஒருவர் இவை எல்லாவற்றையும் ஒன்றாகச் சுமக்கிறார்.

என்ன செய்யலாம்?

நல்ல செய்தி இருக்கிறது. மெல்பர்னில் ஏடிஎச்டியும் தூக்கச் சிக்கலும் உள்ள, 5 முதல் 12 வயதுக்குட்பட்ட 244 பிள்ளைகளிடம் ஒரு சோதனை நடந்தது. பாதிக் குடும்பங்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மீதிக் குடும்பங்கள் கூடுதலாக இரண்டு முறை ஆலோசகரைச் சந்தித்தன. பிறகு ஒரு தொலைபேசி உரையாடல். அவ்வளவுதான். தூக்கப் பழக்கங்களை எப்படி அமைப்பது, பிள்ளையின் சிக்கலுக்கு எந்த முறை பொருந்தும் என்பவை அங்கே பேசப்பட்டன. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆலோசனை பெற்ற பிள்ளைகள் நன்றாகத் தூங்கினார்கள். ஏடிஎச்டி அறிகுறிகளும் ஓரளவு குறைந்திருந்தன. வகுப்பு நடத்தையும் மேம்பட்டதாக ஆசிரியர்கள் கூறினர். 2015ஆம் ஆண்டு வெளியான இந்த முடிவு ஒரு மந்திரமல்ல. மாற்றம் மிதமானது. ஆனால் செலவு குறைவு. எந்த வீட்டிலும் முயலலாம்.

நம் வீடுகளுக்கு ஏற்றபடி அந்த வழிகளைப் பார்ப்போம்.

முதலில், எழும் நேரத்தை நிலையாக்க வேண்டும். சனி ஞாயிறுகளில் 11 மணி வரை தூங்கினால் உடல் கடிகாரம் மறுபடியும் பின்னுக்குப் போகும். திங்கட்கிழமை அதற்கு விலை கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, காலை வெளிச்சம். வகுப்பறை விளக்கின் அளவு சில நூறு லக்ஸ்தான். மேகம் மூடிய பகலிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். நீங்கள் சலித்துக்கொள்ளும் காலைச் சபைகூடல், திறந்தவெளியில் நடந்தால், உங்கள் உடல் கடிகாரத்திற்குச் சாவி கொடுக்கும் வேலையைச் செய்கிறது.

மூன்றாவது, இரவு வெளிச்சம். நம் விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட சிறப்பு அணுக்கள் உள்ளன. நீல ஒளி பட்டால் அவை "இன்னும் பகல்தான்" என்று மூளைக்குச் சொல்லும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைத்தொலைபேசியைக் கூடத்தில் வைத்துவிடுவது நல்லது. ஏடிஎச்டி உள்ள பிள்ளைக்கு வெளிச்சத்தோடு விளையாட்டும் காணொளியும் தரும் பரபரப்பும் ஒரு தடை.

நான்காவது, ஒரே வரிசை. குளியல், பல் துலக்கல், நாளைக்கான புத்தகப்பை, ஒரு கதை, விளக்கு அணைப்பு. மறதி உள்ள பிள்ளைக்கு இந்த வரிசையைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டினால் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாவது, பானங்கள். மாமாக் கடைத் தே தாரிக்கிலும் கோலாவிலும் காஃபீன் உண்டு. பெரியவர்களின் உடலில்கூட அது பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும்.

ஆறாவது, தூக்கம் வராதபோது பிள்ளையைப் படுக்கையில் கட்டாயப்படுத்திக் கிடத்த வேண்டாம். முதலில் அது உண்மையில் தூங்கும் நேரத்தையே படுக்கை நேரமாக வைத்து, சில நாளுக்கு ஒருமுறை 15 நிமிடமாக முன்னுக்குக் கொண்டு வரலாம். படுக்கை என்றாலே சண்டை என்ற எண்ணம் இதனால் குறையும்.

இணையத்தில் விற்கும் மெலடோனின் மாத்திரையை மட்டும் சொந்தமாக வாங்கிக் கொடுக்காதீர்கள். எந்தப் பிள்ளைக்கு, எவ்வளவு, எந்த நேரத்தில் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நேரம் தவறினால் கடிகாரம் எதிர்த்திசையிலும் போகலாம்.

யாரிடம் போவது?

குறட்டை, மூச்சடைப்பு, ஓயாத கால் அசைவு, பல வாரமாகத் தூங்காத இரவுகள் இருந்தால் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்குப் போகலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைப்பார்கள். ஏடிஎச்டி சிகிச்சைக்கென மலேசியச் சுகாதார அமைச்சு மருத்துவர்களுக்கு வழிகாட்டி வெளியிட்டுள்ளது. அதன் இரண்டாம் பதிப்பு 2020இல் வந்தது. பள்ளி ஆலோசக ஆசிரியரிடமும் பேசலாம். போகும்போது இரண்டு வாரத் தூக்கக் குறிப்பேடு ஒன்றைக் கொண்டு போங்கள்: படுத்த நேரம், தூங்கிய நேரம், விழித்த நேரம், எழுந்த நேரம். மருத்துவருக்கு அது மிகவும் உதவும்.

அந்தக் குறிப்பேட்டை எழுதப் போவது பல வீடுகளில் நீங்கள்தான். அப்பாவுக்குக் காலை ஷிப்ட், அம்மாவுக்கு இரவு ஷிப்ட் என்றிருக்கும் வீடுகள் செனாவாங்கில் நிறைய. அங்கே தம்பி தங்கையைத் தூங்க வைப்பது அக்காவும் அண்ணனும்தான். பதினான்கு வயதில் அது சிறிய பொறுப்பல்ல. நாளைக்குத் தேர்வு இருக்கும்போது, பத்தரை மணிக்கும் கட்டிலில் குதிக்கும் தம்பியைப் பார்த்துக் கோபம் வருவது இயற்கை. அப்போது அந்த முக்கால் மணி நேரக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் உங்களைச் சீண்டவில்லை. அவனுக்கு இன்னும் இரவு வரவில்லை. வகுப்பில் காலையிலேயே மேசையில் தலை சாய்க்கும் நண்பனையும் "சோம்பேறி" என்று அழைக்குமுன், "நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய்?" என்று ஒருமுறை கேளுங்கள். அந்தக் கேள்வியை இதுவரை யாருமே அவனிடம் கேட்காமல் இருந்திருக்கலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

சமதரையில் ஒரு மீட்டர் நீளக் கோலை நேராக நட்டு, மதியம் 12.30 முதல் 1.45 வரை ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை நிழலின் நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சூரியனை நேரே பார்க்க வேண்டாம். நிழல் மிகக் குட்டையாகும் நேரமே உண்மையான நண்பகல். நம் ஊரில் அது ஆண்டு முழுதும் ஏறத்தாழ 12.56க்கும் 1.26க்கும் இடையே மாறிக்கொண்டிருக்கும். 12 மணிக்கு ஒருநாளும் வராது. மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுப்பகுதியிலும் சூரியன் தலைக்கு நேர் மேலே வருவதால் நிழல் ஏறக்குறைய மறைந்தே போகும். அந்த நாட்களைத் தவிர்த்தால் அளப்பது எளிது. கிடைத்த நேரத்தை வரைபடத்தாளில் வரைந்து, ஒரு மாதம் கழித்து மறுபடியும் அளந்து, இரண்டையும் உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.